உள்ளே விட்ட துணி

தையற்காரர் எவருடைய உடம்பைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் கடையில் எங்கும் எழுதி ஒட்டப்படாத சட்டம். போன வருடம் தைத்த காற்சட்டை இந்த வருடம் இடுப்பில் ஏறவில்லை என்று யாராவது கொண்டுவந்து நீட்டினால், "துணி கொஞ்சம் சுருங்கியிருக்கு" என்பார் மாஸ்டர். துணி இடுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுருங்காது என்பது வந்தவருக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் பழியைத் துணியின் தலையில் போட்டுவிட்டு மரியாதையோடு பிரிவார்கள்.

இதற்குத் தோதாக அவரிடம் ஒரு தொழில் வழக்கமும் இருந்தது. எந்த உடுப்பைத் தைத்தாலும் தையலுக்கு உட்புறம் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை வெட்டாமல் மடித்து விட்டுவைப்பார். உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்து, உள்ளே விட்ட துணியை வெளியே எடுத்துக்கொள்ளலாம். உடுப்பு இன்னும் சில காலம் பிழைத்துக் கிடக்கும். ஒட்ட வெட்டித் தைக்கிறவர்களைக் கருமிகள் என்று அவர் பழிப்பார். மனிதர்கள் மாறுவார்கள் என்பதை மறந்துவிட்டுத் தைக்கிறவன் என்ன தையற்காரன் என்பது அவர் கட்சி.

அவருடைய ஒரே மகளுக்குப் பதின்மூன்று வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் கண்டவர்களெல்லாம் 'கொழுகொழு' என்று கொஞ்சிக் கன்னத்தைக் கிள்ளினார்கள். அதே கன்னத்தை இப்போது கண்டவர்கள், கிள்ளுவதை விட்டுவிட்டு அறிவுரை சொன்னார்கள். குழந்தை அதே குழந்தைதான். பார்க்கிறவர்களின் அன்புதான் வழியில் ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டது. அவளுடைய வகுப்பறை பள்ளியின் மேல்மாடியில் இருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் மூச்சு வாங்கும்போது, ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதுபோல் குனிந்து கட்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பள்ளியிலேயே ஓயாமல் அவிழும் கயிறு அவளுடையதுதான் என்று தோழிகள் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

முழங்கால் வலிக்கிறது என்று தொடங்கித்தான் பெற்றோர் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா நிதானமானவர். பெற்றோரிடம் பேசாமல் அந்தப் பெண்ணிடமே நேராகப் பேசினார். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டை எட்டிப் பார்க்கிறது, இப்போதே கவனித்தால் அது திரும்பிப் போய்விடும் என்றார். பட்டினி கிடக்கக் கூடாது. இனிப்பான பானங்களை நிறுத்த வேண்டும். நேரத்துக்குத் தூங்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கென்று தனிச் சமையல் செய்யாமல் வீட்டில் எல்லோரும் ஒன்றையே சாப்பிட வேண்டும். வீட்டில் யாரும் எடையைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது என்பது மகள் வைத்த நிபந்தனை. அதையும் டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

"எடை மெஷினே வாங்காதீங்க. தினம் ஏறி நின்னு அழறதுக்கா அது? இங்க வர்றப்ப நான் பாத்துக்கறேன். நடுவுல உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருந்தா, போட்டிருக்கிற உடுப்பு தளருதான்னு பாரு. அது போதும்."

ஆயிரம் வீடுகளுக்குச் சரியான அந்த யோசனை ஒரு தையற்காரர் வீட்டுக்கு மட்டும் ஆகாது என்பது அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே வீடு மாறியது. மாஸ்டரின் மனைவி ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். மாலையில் விற்காமல் மிஞ்சும் பன்களை வீட்டுக்குக் கொண்டுவருவது அவள் வழக்கம். சம்பளத்தைவிட அந்தப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதில்தான் அவளுக்குப் பெருமை. அதை நிறுத்தினாள். வெறுங்கையோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, எதையோ பேருந்தில் தவறவிட்டவள்போல் ஒரு கணம் தன் கைகளைப் பார்த்துக்கொள்வாள்.

காலையில் அப்பாவும் மகளும் நடக்கப் புறப்பட்டார்கள். நடக்கும்போது அலுக்காமல் இருக்க மாஸ்டர் விலங்குக் கதைகள் சொல்வார். மகள் சிறுமியாக இருந்தபோது தையல் மிஷின் ஓசைக்கு நடுவே சொன்ன கதைகள்தாம். முதல் நாள் ஒரு யானையும் எறும்பும் என்று தொடங்கினார்.

"அப்பா, யானைக் கதைன்னா நான் இப்படியே திரும்பிடுவேன்."

யானை விலக்கப்பட்டது. அடுத்த நாள் கரடியும், அதற்கடுத்த நாள் நீர்யானையும் தடைசெய்யப்பட்டன. பன்றியின் பெயரை அவர் உச்சரிக்கக்கூட இல்லை. கடைசியில் கொக்கு, பல்லி, வெட்டுக்கிளி, பாம்பு போன்ற ஒல்லிப் பிராணிகளை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதாயிற்று. கதைகளில் ஒல்லியாக வருவதெல்லாம் ஏமாற்றுகிற பிராணியாகவே இருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். மகளும் கவனித்தாள். "உங்க கதையில நல்லவங்க எல்லாம் குண்டாத்தாம்ப்பா இருக்காங்க" என்றாள். அன்று இருவரும் பாலம்வரை சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

ஆனால் நாட்கள் போகப் போகச் சிரிப்புக் குறைந்தது. ஒவ்வொரு காலையிலும் பள்ளிச் சீருடைப் பாவாடையின் இடுப்புப் பட்டிக்குள் அவள் கட்டைவிரலை நுழைத்துப் பார்ப்பாள். முதல் வாரம் எவ்வளவு நுழைந்ததோ அவ்வளவேதான் பிறகும் நுழைந்தது. பன் இல்லை, குளிர்பானம் இல்லை, மழையிலும் நடை. ஆனால் பாவாடை அசைந்து கொடுக்கவில்லை. ஒருநாள் காலையில் மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிட்டபோது, அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "நீங்க போங்கப்பா. என்ன பண்ணாலும் நான் இப்படித்தான்" என்றாள். அன்று பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய உணவு அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் அவள் நடக்க வரவில்லை.

மகள் வீட்டில் இல்லாத ஒரு நண்பகலில், மாஸ்டர் அவளுடைய மாற்றுச் சீருடையை இஸ்திரி போடுவதற்காகக் கடைக்கு எடுத்து வந்தார். மேசையில் விரித்தார். பாவாடையின் பின்பக்க நடுத்தையல், அவரே போட்டது, உள்ளே இரண்டு விரல் துணியோடு அவரை ஏறிட்டுப் பார்த்தது. தைக்கிறவர்கள் வெறுங்கையோடு நிற்கமாட்டார்கள். துணி முன்னால் இருந்தால் கைகள் தாமாக ஏதாவது செய்யத் தொடங்கிவிடும். அவர் பிளேடை எடுத்து நூலைப் பிரித்தார். ஒரு நெல்லின் அகலத்துக்குத்தான் துணியை விட்டார். புதுத் தையலைப் போட்டு, பழைய தையலின் தடத்தைச் சுடச்சுட இஸ்திரியால் அழுத்தி மறைத்தார். இரவில் அவள் கழற்றிப் போட்டதும் மற்றொரு சீருடையையும் அவ்வாறே செய்துவிடலாம் என்று கணக்கிட்டார்.

மறுநாள் காலையில் உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மா, இங்க வாயேன். அம்மா."

அவள் பட்டிக்குள் கட்டைவிரலை விட்டு முன்னும் பின்னும் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை மாஸ்டர் வெகுநாட்களாகப் பார்த்திருக்கவில்லை. பார்த்ததும், தாம் செய்தது சரியா என்ற கேள்வி அவருக்குள் எழவே இல்லை. சோர்ந்து கிடந்த பெண் எழுந்து நிற்கிறாள். அதற்கு விலை ஒரு சாண் நூல். அன்று நடையில் அவளே முன்னால் போனாள். பாலத்தைத் தாண்டிப் பூங்காவரை போய்த் திரும்பினார்கள்.

பொய்க்கு ஒரு குணம் உண்டு. உண்மையைச் சொன்னால் ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குச் சோறு போட வேண்டியதில்லை. பொய்யைப் பெற்றுவிட்டால் அதை நாள்தோறும் வளர்க்க வேண்டும். அந்த ஒரு நெல் அகலம் அவளுக்குப் பழகிப்போனதும், இன்னும் தளரவில்லையே என்று மறுபடி முகம் வாடியது. மாஸ்டர் மறுபடி பிளேடை எடுத்தார். சீருடைகளை இஸ்திரி போடுவது இனித் தம் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்தார். வீட்டு வேலையில் அவருக்கு வந்த இந்தத் திடீர் ஆர்வத்தைப் பார்த்து, "மழை கொட்டப் போகுது" என்று மனைவி கேலி செய்தாள்.

வினை அவள் பக்கமிருந்தே வந்தது. பாவாடை தளர்ந்து தளர்ந்து போவதை அந்தத் தாயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? வளர்கிற பெண் இத்தனை வேகமாக இளைத்தால் என்ன ஆவது என்று அவளுக்குப் பயம் பிடித்தது. ஒருநாள் மாலை பேக்கரிப் பையிலிருந்து வெண்ணெய் தடவிய பன் ஒன்று வெளிவந்தது. மறுநாள் இரண்டு.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? இடுப்புல துணி நிக்கல அவளுக்கு. தேஞ்சு போயிடப் போறா."

மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பன் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். தாம் இழுத்த நூலின் மறுமுனை மனைவியின் கையில் பன்னாக முடிந்திருப்பதைக் கண்டு அவர் கலங்கினார். மகள் அந்தப் பன்னைத் தயங்கித் தயங்கித்தான் சாப்பிட்டாள். அப்புறம் தயங்காமல் சாப்பிட்டாள். இளைத்துக்கொண்டிருப்பவள் ஒரு பன் சாப்பிடலாம் என்று அவள் நினைத்ததில் குற்றம் என்ன இருக்கிறது?

திரும்பிப் போகவும் வழியில்லை. விட்ட துணியைச் சிறிது சிறிதாக மறுபடி உள்ளே பிடித்துவிடலாமா என்று யோசித்தார். அப்படிச் செய்தால் உடம்பு ஏறுகிறது என்று அவள் நடுங்குவாள். பிரிக்கவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. இத்தனை காலத் தொழிலில் எந்தத் துணியின் முன்னாலும் அவர் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

அந்த வேளையில்தான் பள்ளிப் பாட்டுக்குழுவுக்கு அவள் தேர்வானாள். குரல் நன்றாக இருந்தும் இத்தனை வருடமும் மேடை ஏறக் கூசி ஒதுங்கியிருந்தவள், இந்த முறை தானாகவே பெயர் கொடுத்தாள். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு. ஒரு கம்பெனியிலிருந்து மொத்தமாக வரவழைக்கிறார்கள். பாட்டு மிஸ் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் அளவு கேட்டிருக்கிறார்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமாப்பா? மீடியம்." அந்தச் சொல்லை அவள் ஒரு பரிசுக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவதுபோல் சொன்னாள். "மிஸ் ஒரு தடவை நிமிந்து பாத்தாங்க. போட்டுப் பாத்தியான்னு கேட்டாங்க. எங்கப்பா டெய்லர், எனக்குத் தெரியாதான்னு சொல்லிட்டேன்."

மாஸ்டருக்குக் கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது. மகளுக்கு மீடியம் போதாது. அதற்கு மேல் சொல்லப்படும் அளவும் போதாது. இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு நாடா தேவையில்லை.

மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போனார். பாட்டு மிஸ் ஒரு பியானோவின் பக்கத்தில் நின்றுகொண்டு அவரை வரவேற்றார். மகள் அளவைச் சற்றுத் தவறாகச் சொல்லியிருக்கலாம் என்று மாஸ்டர் மென்று விழுங்கிச் சொன்னார். மிஸ் வியந்தார், அப்பா டெய்லர் என்று அவள் அடித்துச் சொன்னாளே என்றார். அளவுகளை ஏற்கெனவே அனுப்பியாயிற்று, இனி மாற்ற முடியாது, வந்த பிறகு யாருக்காவது சேரவில்லையென்றால் திருப்பி அனுப்பலாம் என்றார். அவளுடைய கோட்டை மட்டும் நானே தைத்துத் தருகிறேனே என்று மாஸ்டர் கெஞ்சினார். நிறம் ஒரு சாயல் மாறினாலும் மேடையில் தெரியும் என்று மிஸ் அன்பாகவே மறுத்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "நீங்களே வீட்ல சொல்லிடுங்களேன் சார். அப்பா சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டா" என்றார்.

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அடுத்த நாள் நடக்கப் புறப்பட்டார். பாலத்தை நெருங்கும்போது சொல்லலாம் என்றிருந்தார். பாலத்தில் அவள் பாட்டுக்குழுவில் பாடப்போகும் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். பூங்காவில் சொல்லலாம் என்றிருந்தார். பூங்காவில், அவள் தன்னோடு பாடப்போகிற பெண்களின் குரல்களைப் போல் பேசிக் காட்டி அவரைச் சிரிக்க வைத்தாள். அப்படியே பல காலைகள் போயின. ஒவ்வொரு காலையிலும் அவர் ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு போய், அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். கோட்டுகள் வர இன்னும் நாள் இருக்கிறது என்பதே அவருக்கு இருந்த ஒரே ஆறுதல். அந்த ஆறுதலும் நாளுக்கு நாள் தேய்ந்தது.

கோட்டுகள் வந்துவிட்டன.

அன்று நடந்ததை அவள் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. பெட்டிகளை இசை அறையில் பிரித்திருக்கிறார்கள். எல்லாரும் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு ஒரு கை நுழைந்திருக்கிறது. மறு கை பாதியில் நின்றுவிட்டது. கழற்ற முயன்றபோது அதுவும் முடியவில்லை. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக இழுத்திருக்கிறார்கள். முதுகுத் தையல் விட்டுப்போன சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. யாரோ ஒருத்தி, "எங்கப்பா டெய்லர்" என்று அவளைப் போலவே சொல்லிக் காட்டினாள். மிஸ் அதட்டினார், ஆனால் அதற்குள் அறை முழுவதும் சிரித்து முடித்துவிட்டது.

வீட்டில் ஆள் இல்லை. கிழிந்த கோட்டைக் கட்டிலில் விரித்து, அவள் முதலில் செய்தது ஒரு தையற்காரர் மகள் செய்யக்கூடிய காரியம்தான்: உட்புறத்தைத் திருப்பி, பிரித்துவிட உள்ளே துணி இருக்கிறதா என்று பார்த்தாள். கம்பெனிக் கோட்டில் அப்படி ஏது? ஒட்ட வெட்டித் தைத்திருந்தார்கள். அப்பா தைத்திருந்தால் உள்ளே இரண்டு விரல் துணி விட்டிருப்பார், பிரித்து விட்டிருக்கலாம் என்று நினைத்தவள், அந்த நினைப்பின் பாதியில் நின்றாள். பிறகு தான் உடுத்தியிருந்த பாவாடையைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பினாள்.

புதுத் தையலுக்குப் பக்கத்தில், பழைய தையல் இருந்த இடங்களில் ஊசித் துளைகள் வரிவரியாக ஓடின. மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி வெயில் படாத நிறத்தோடு ஒரு கோடாகத் தெரிந்தது. மற்றொரு பாவாடையையும் எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே வரிகள். எழுத்துத் தெரிந்தவர்கள் எழுத்தைப் படிப்பதுபோல் அவள் அதைப் படித்தாள்.

மாஸ்டர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் கடைக்கு வந்தாள். பாவாடையை உட்புறம் மேலாகத் திருப்பி மேசைமேல் வைத்தாள். அவர் மிஷினை நிறுத்தினார். துணி வெட்டும் பெஞ்சில் அவள் உட்கார்ந்துகொண்டாள், அழவில்லை.

"அப்பா, நான் ஒரு கதை சொல்லட்டா?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஒரு எலிக்குட்டி. கொஞ்சம் குண்டு. வளைக்குள்ள போறப்ப வர்றப்ப எல்லாம் இடிக்குதுன்னு அழுதுச்சு. அப்பா எலி என்ன பண்ணுச்சு, குட்டி இல்லாத நேரமா பாத்து வாசலைக் கொறிச்சுக் கொறிச்சுப் பெருசாக்கிடுச்சு. குட்டிக்கு ஒரே சந்தோஷம். நாம இளைச்சிட்டோம், நாம இளைச்சிட்டோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு."

மாஸ்டர் மிஷின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "அப்புறம் அந்த வாசல் வழியா பூனை வந்துச்சா?"

"பூனை எல்லாம் வரல. ஒருநாள் பக்கத்து வளைக்கு விளையாடப் போச்சு. அங்க வாசல்ல மாட்டிக்கிச்சு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. மத்த எலி எல்லாம் நின்னு பாத்துச்சு." அவள் பெஞ்சில் கிடந்த ஒரு வெட்டுத்துணியை மடித்து வைத்தாள். "அவ்வளவுதான். நீதி எல்லாம் இல்லப்பா."

"அந்த அப்பா எலி வேணும்னு பண்ணலம்மா."

"தெரியும். அதான் கோபமே வர மாட்டேங்குது. கோபமாவது வந்தா நல்லா இருக்கும்."

அவள் எழுந்து போனாள். பாவாடை மேசையிலேயே கிடந்தது. காலர் பாதி வைத்த சட்டையை வாங்க வந்தவர், இன்னும் முடியவில்லையா என்று கேட்டபோது, "துணி கொஞ்சம்..." என்று தொடங்கிய மாஸ்டருக்கு வாக்கியம் முடியவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மனைவிக்கு அன்று மாலையே எல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பேக்கரிப் பையைத் தூக்கி ஓர் ஓரமாக வைத்தாள். "நீங்க தையலைப் பிரிச்சு இடம் பண்ணீங்க. நான் அதுல பன்னைக் கொண்டுபோய் அடைச்சேன். நல்ல குடும்பம்" என்றாள். அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று வந்தது. அதை அடக்க முந்தானையைத் தேடி, கைக்கு அகப்பட்ட துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் போனபோது மகள் உடன் வரச் சம்மதித்தாள், ஆனால் பேசவில்லை. மாஸ்டரே எல்லாவற்றையும் ஒப்புவித்தார். எடை முதல் தடவையைவிடக் கூடியிருந்தது. டாக்டரம்மா யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மகளின் உயரத்தை அளக்கச் செய்தார், பழைய அளவோடு ஒப்பிட்டார், பிறகு மாஸ்டரிடம் திரும்பினார்.

"முதல்ல கொஞ்ச காலம் பாவாடை தளரவும் இல்ல, இறுகவும் இல்லன்னு சொன்னீங்களே. அதுக்குள்ள இவ நல்லா உயரமாயிருக்கா. வளர்ற புள்ளைக்கு எடை ஏறாம நின்னாலே அது முன்னேற்றந்தான். அப்ப எல்லாம் சரியாத்தான் போய்க்கிட்டு இருந்துருக்கு."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். அந்த நாட்களில் மகளுடைய பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டதென்று கீழ் மடிப்பைப் பிரித்து நீளத்தை இறக்கிவிட்டவர் அவரேதான். பெண் உயர்கிறாள் என்பதை அவர் கைகள் அறிந்திருந்தன. நீளம் கூடியும் இடுப்பு அப்படியே இருக்கிறதென்றால் என்ன பொருள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவள் ஜெயித்துக்கொண்டிருந்தபோது, தோற்றுவிட்டாள் என்று எண்ணி அவளைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறார். இதை உரக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று நிமிர்ந்தார். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் அவள் முடிவுகளைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், அம்மாவிடம் சொல்வதுபோல் அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள். மறுபடி நடக்கப் போகிறாள், தனியாக. பன் வேண்டாம். பாட்டுக்குழுவிலிருந்து விலகவில்லை, மிஸ் பெரிய அளவுக் கோட்டுக்கு எழுதியிருக்கிறார், அது வரும். சீருடை இனிப் பெரிய கடையில் தைத்து ஆயத்தமாகத் தொங்குகிறதே, அதையே வாங்கிக்கொள்வாள். தன் துணியைத் தானே இஸ்திரி போடுவாள்.

"அப்பா தொடக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"தொட வேணாம்மா. எனக்கு எது நெசம்னு தெரியணும்."

அந்தச் சனிக்கிழமை தாயும் மகளும் கடைக்குப் போய்ப் பாவாடைகள் வாங்கி வந்தார்கள். மாஸ்டர் ஒன்றை விளக்கின் அடியில் பார்த்தார். தையல் நெருக்கமில்லை, கொக்கி சற்று வளைந்திருந்தது, உள்ளே ஒரு நூல் அகலத் துணிகூட மிச்சமில்லை. கொக்கியை மட்டுமாவது மாற்றித் தைத்துவிடலாம் என்று விரல்கள் துடித்தன. மடித்து அவள் அலமாரியின் முன்னால் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

காலைகளில் கதவு திறந்து மூடும் ஓசை அவருக்குக் கேட்கும். அவள் பாலம்வரை போகிறாளா, பூங்காவரையா, முனையிலேயே திரும்பிவிடுகிறாளா என்று அவருக்குத் தெரியாது. பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டொரு தடவை செருப்பை மாட்டினார், கழற்றிவிட்டார். சாப்பாட்டு மேசையில் மூவரும் ஒன்றையே சாப்பிட்டார்கள். மகள் அவரோடு பேசாமல் இல்லை. உப்பை நகர்த்தச் சொல்வாள்; மழை வருமா என்று கேட்பாள்; பாட்டுக்குழுவில் எவளோ பாட்டை மறந்து நின்றதைச் சொல்லிச் சிரிப்பாள். தன் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் அவள் குனிந்து எழுந்தபோது பாவாடைப் பட்டி இடுப்பில் பதித்த சிவந்த தடத்தைப் பார்த்துவிட்டு, "இறுக்குதாம்மா?" என்று அவர் தம்மை மறந்து கேட்டுவிட்டார். அவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இறுக்கினா இறுக்கட்டும்ப்பா" என்றாள்.

டாக்டரம்மாவை மீண்டும் பார்க்க வேண்டிய நாளில் மூவரும் போனார்கள். உள்ளே தனியாகப் போகிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள். பெற்றோர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே சுவரில் ஒரு கடிகாரம். அதைப் பார்க்காமலிருக்க மாஸ்டர் தம் விரல்களைப் பார்த்தார். உள்ளே எடை மெஷின் தட்டு ஒரு முறை ஓசையிட்டது. பிறகு பேச்சுக் குரல்கள். சொற்கள் பிரிந்து கேட்கவில்லை. சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாத ஒன்று கேட்டது. மனைவி எழுந்து கதவருகே போய் நின்றாள். அவர் எழவில்லை.

கதவு திறந்தது. மகளின் முகத்தில் அவர் எதையாவது கண்டுபிடிக்க முயன்றார். துவண்ட முகமும் அல்ல, மலர்ந்த முகமும் அல்ல. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பொது இடத்தில் பெற்றோரோடு நிற்கும்போது இருக்கும் முகம், அவ்வளவுதான். அவர் வாயெடுக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"கேக்காதீங்கப்பா."

"கேக்கல" என்றார்.

"ஏறியிருந்தா நீங்க ஏதாவது பண்ணுவீங்க. எறங்கியிருந்தாலும் ஏதாவது பண்ணுவீங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

மூவரும் தெருவில் இறங்கினார்கள். பேருந்தில் போகலாமா என்று தாய் கேட்டாள். நடந்தே போகலாம் என்றாள் மகள். அவள் முன்னால் போக, தாய் நடுவில் போக, மாஸ்டர் பின்தங்கி வந்தார். கடையில் வாங்கிய அந்தப் பாவாடையின் கீழ் மடிப்பு இடது பக்கம் சற்றுத் தொங்கியது. தைத்தவர் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும். பட்டி இடுப்பில் தளர்ந்து நிற்கிறதா, இறுகி நிற்கிறதா என்று பார்க்கத் துடித்த கண்ணை அவர் எதிரே வந்த சைக்கிள் மீது திருப்பினார். சைக்கிள் போய்விட்டது. கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தார்.

முன்னால் போனவள் தெருமுனையில் நின்று திரும்பினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, மறைக்காமல் நின்றாள்.

"என்னப்பா, இவ்ளோ மெதுவா வர்றீங்க?"

"நீ போம்மா" என்றார் மாஸ்டர். "நான் வரேன்."

அவள் காத்திருக்கவில்லை. சாலையின் இரு புறமும் பார்த்துவிட்டுக் கடந்து, தன் நடையில் போய்க்கொண்டிருந்தாள்.